ஓடு என்ற ஒரே சொல்

காட்டு உயிர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், வேகமாகப் போவதற்கு அவற்றிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ஓடு. அவ்வளவுதான். புல்லுக்கு இருபது பெயர் வைத்திருந்தன. ஈரமண் வாசனைக்கு ஒரு பெயர், காய்ந்த மண் வாசனைக்கு ஒரு பெயர். ஆனால் மழை வந்தாலும் ஓடு, பழம் உதிர்ந்தாலும் ஓடு, புலி வந்தாலும் ஓடு. இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. அப்படி நினைக்க வைக்கிற ஒரு கோடை வரும்வரைக்கும்.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றங்கரையில் ஒரு பெரிய மருதமரம். அதன் உச்சாணிக் கொம்பில் நெடுவாலி என்று ஒரு மந்தி இருந்தாள். உடம்பெல்லாம் சாம்பல் நிறம், முகம் மட்டும் அடுப்புக்கரி. பார்வையில் அவளை மிஞ்ச அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. ஆகவே காவல் அவள் பொறுப்பு. வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு கைக்குழந்தையும் தொங்கிக்கொண்டிருக்கும்.

மரத்தடியில் புள்ளிமான் கூட்டம். மந்திகள் பாதி தின்று பாதி உதிர்க்கும் தளிரையும் காயையும் மான்கள் பொறுக்கிக்கொள்ளும். பதிலுக்கு மான்கள் கீழே மோப்பம் பிடிக்கும், மந்திகள் மேலே இருந்து பார்க்கும். ஆபத்தை யார் முதலில் அறிந்தாலும் "ஓடு!" என்று ஒரு கத்து. இதுதான் அவர்களுக்குள் இருந்த உறவு. அந்தக் கூட்டத்தில் பூம்பொறி என்ற இளம் மான் நெடுவாலியோடு ரொம்பவும் ஒட்டு. இருவரும் ஒரே பங்குனியில் குட்டி ஈன்றவர்கள். பூம்பொறியின் குட்டி பின்னங்காலில் எழுந்து நின்று, எட்டாத இலைக்கு வாயைத் திறந்துகொண்டு தடுமாறும். நெடுவாலி சிரித்துக்கொண்டே ஒரு கொத்தை ஒடித்துப் போடுவாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆறு வற்றி மணலாகி, பாறையடியில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. தாகம் எடுத்தால் எல்லாரும் அங்கேதான் வரவேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். சிறுத்தைக்கும் தெரியும்.

ஒருநாள் வெயில் தாழும் நேரம். மான்கள் மடுவில் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நெடுவாலி உச்சியில் இருந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்காற்று வீசியது. கரையெங்கும் காய்ந்த புல் கிழக்கே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. கறையான் புற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொத்துப் புல் மட்டும் மேற்கே சாய்ந்தது.

இன்னொரு தடவை பார்த்தாள். புல்லுக்குள் இரண்டு காதுகள் மடங்கிக் கிடந்தன.

"ஓடு!" என்று கத்தினாள். "ஓடு! ஓடு!"

மான்கள் தலையைத் தூக்கின. ஓடு என்றால் அவற்றுக்குத் தெரிந்த ஓட்டம் ஒன்றுதான். வந்த தடத்திலேயே, கால் தரையில் பாவாமல், கண்மண் தெரியாமல் ஓடுவது. வந்த தடமோ அந்தப் புற்றை ஒட்டித்தான் போனது.

நெடுவாலிக்கு எல்லாம் மேலிருந்து தெரிந்தது. கூட்டம் எங்கே போகிறது என்பதும் தெரிந்தது, அங்கே எது காத்திருக்கிறது என்பதும் தெரிந்தது. "ஐயோ, ஓடு! ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் கத்தக் கத்த மான்கள் இன்னும் வேகமாக அதன் வாயை நோக்கி ஓடின. சிறுத்தை துரத்தவே இல்லை. எழுந்து நின்றது, அவ்வளவுதான். பூம்பொறியின் குட்டி நேராக அதன் முன்னங்கால்களுக்குள் போய் விழுந்தது.

ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு தூசி அடங்கியது.

மறுநாள் காலை பூம்பொறி தனியாக மரத்தடிக்கு வந்தாள். பால் கட்டிய மடியோடு நடக்க முடியாமல் நடந்து வந்தாள். நெடுவாலி கீழ்க்கொம்புக்கு இறங்கினாள். ஒரு கொத்துத் தளிரை ஒடித்துக் கீழே போட்டாள். பூம்பொறி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒன்று கேட்கவா?"

"கேள், தங்கச்சி."

"அது புற்றுக்குப் பக்கத்தில் இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள்.

"தெரிந்துமா எங்களை ஓடச் சொன்னாய்?"

"வேறு என்ன சொல்ல? அந்த ஒரு சொல்தானே இருக்கிறது!"

பூம்பொறி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை, அழவில்லை. திரும்பி நடந்து போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று நெடுவாலிக்கு இருந்தது.

அதற்குப் பிறகு நெடுவாலிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சிறுத்தையைப் பற்றிய பயம் அல்ல. தன் வாயைப் பற்றிய பயம். 'ஓடு' என்ற சொல் தொண்டைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சின்னச் சத்தம் காதில் கேட்டது. தூங்கும்போதுகூட வாயைக் கையால் பொத்திக்கொண்டு தூங்கினாள்.

பத்துநாள் கழிந்திருக்கும். ஒரு காலைப்பொழுதில் தொலைவில் மேட்டுக்காட்டுச் சரிவில் சிவப்பாக ஏதோ ஒரு கோடு இறங்குவதைப் பார்த்தாள். கோடு பிரிந்தது, சேர்ந்தது. செந்நாய்கள். பதினைந்து இருக்கும். அவை அவசரப்படவே இல்லை. விசில் அடிப்பதுபோல ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு, குதிநடையில் வந்தன.

நெடுவாலி வாயைத் திறந்தாள். 'ஓடு என்றால் எந்தப் பக்கம் ஓடுவார்கள்? அங்கே என்ன இருக்கிறதோ?' சத்தம் வரவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த நேரத்தில் செந்நாய்கள் பாதிச் சரிவைக் கடந்துவிட்டன.

மோப்பம் கிடைத்ததும் மான்கள் தாங்களாகவே ஓடின. சிறுத்தைக்குப் பயந்து எப்படி ஓடுமோ அப்படியே, உள்ள மூச்சையெல்லாம் முதல் பாய்ச்சலிலேயே கொட்டி ஓடின. செந்நாய்கள் பின்தங்கின. ஆனால் நிற்கவில்லை. அதே குதிநடை, அதே விசில். ஆற்று வளைவைத் தாண்டுவதற்குள் மான்களுக்கு மூச்சு முட்டியது, கால் பின்னியது. செந்நாய்களுக்கு அப்போதுதான் வேட்டையே தொடங்கியது. அன்று மூன்று மான்கள் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் பூம்பொறி வந்தாள். இடது காது கிழிந்து தொங்கியது.

"இன்றைக்கு ஏன் கத்தவில்லை?"

"கத்தினாலும் சாகிறீர்கள்" என்றாள் நெடுவாலி. குரல் உடைந்தது. "கத்தினால் என்னால் சாகிறீர்கள்."

"கத்தாவிட்டாலும் சாகிறோமே, அக்கா."

மேலே குழந்தைக் குரங்கு பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பூம்பொறி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சிறுத்தைக்கு மூச்சு கொஞ்சம். பத்து மூச்சுக்குள் அது பிடிக்காவிட்டால் விட்டுவிடும். அதனிடம் கையில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடலாம். செந்நாய் அப்படியில்லை. அதனிடம் அப்படிக் கொட்டினால் செத்தோம். மூச்சை எண்ணி எண்ணிச் செலவழித்து, கூட்டம் கலையாமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். என் காலுக்கு நாலு விதமாக ஓடத் தெரியும் அக்கா. உன் வாய்க்குத்தான் ஒரு விதமாகக் கத்தத் தெரிகிறது."

நெடுவாலி கீழே இறங்கி வந்தாள். "அந்த நாலையும் எனக்குக் காட்டு" என்றாள்.

காய்ந்த ஆற்று மணலில் பூம்பொறி ஓடிக் காட்டினாள். முதலாவது எப்போதும் ஓடுகிற ஓட்டம், அதற்குப் பழைய 'ஓடு' போதும். அடுத்து, உடம்பைச் சுருட்டி ஒரே வீச்சில் தன்னைத் தூக்கி எறிந்தாள். அதைப் பார்த்ததும் மூடிய உதடுகளை உடைத்துக்கொண்டு ஒரு சத்தம் நெடுவாலியின் வாயிலிருந்து வந்தது. "பாய்!" அந்தச் சத்தமே ஒரு பாய்ச்சல்போல இருந்தது. பிறகு பூம்பொறி ஒரே சீராக, தலை நிமிராமல், மணலில் நெடுந்தூரம் போய்த் திரும்பினாள். அதற்கு இழுத்துச் சொல்லும்படி ஒரு சொல் வேண்டும், எவ்வளவு தூரம் போகவேண்டுமோ அவ்வளவு இழுக்கவேண்டும். "விரை" என்று சொல்லிப் பார்த்தாள் நெடுவாலி. "விரைஇஇ..." இழுக்க இழுக்க வந்தது.

"இன்னொன்று இருக்கிறது" என்றாள் பூம்பொறி. "அது உன்னைப் பார்த்துவிட்டது, நீ அதைப் பார்த்தது அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் ஓடினால் அதுவும் ஓடிவரும். நின்றால் நெருங்கும். ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடவேண்டும்."

இதற்குச் சத்தமே கூடாது. நெடுவாலி நாக்கை மேலண்ணத்தில் மடித்து, மூச்சுக்குள்ளேயே சொன்னாள். "நழுவு."

"உனக்கு ஒன்று வேண்டாமா?" என்று கேட்டாள் பூம்பொறி. "நீ தரையில் இருக்கும்போது நான் என்ன கத்துவது? நீ ஓடினால் அகப்பட்டுக்கொள்வாயே."

"எனக்கு மேலேதான் வழி" என்றாள் நெடுவாலி. "தாவு என்று சொல்."

இரண்டு நாளில் மந்திகளும் மான்களில் பாதியும் இந்தச் சொற்களைப் பழகிக்கொண்டன. மான் கூட்டத்துக்குத் தலைவனான முடிக்கொம்பன் மட்டும் பக்கத்திலேயே வரவில்லை.

"உயிருக்கு ஆபத்து வந்தால் கால் தானாக ஓடும். அதற்கு இந்தக் குரங்கிடம் பாடம் வேறா?" என்று கனைத்தான். "அன்றைக்கு இவள் கத்தியதில்தான் ஒரு குட்டி போயிற்று. இப்போது நாலு விதமாகக் கத்தப்போகிறாளாம்."

"போனது என் குட்டி, அண்ணே" என்றாள் பூம்பொறி. முடிக்கொம்பன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

மடு நாளுக்கு நாள் சுருங்கியது. மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருபது முப்பது அடி வெட்டவெளியாகிவிட்டது. ஒரு மத்தியானம் மந்திகள் அவசர அவசரமாக இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறின. காவல்காரி என்பதால் நெடுவாலி கடைசியாக இறங்கினாள். குழந்தை வயிற்றில். மடுவின் மறுகோடியில், பாறையை ஒட்டி, மான்கள் குடித்துக்கொண்டிருந்தன.

நெடுவாலி குனிந்து இரண்டு வாய் குடித்திருப்பாள். காற்று சற்றுத் திரும்பியது. பூம்பொறியின் மூக்கு விரிந்தது.

குட்டி போன அன்று வீசிய அதே வாடை. எங்கே என்று கண்ணால் துழாவினாள். நெடுவாலிக்குப் பின்னால், காரைப் புதரின் நிழலில், நிழலைவிடக் கறுப்பாகச் சில புள்ளிகள் இருந்தன. அவை மூச்சு விட்டன.

கத்தவேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கத் துடித்தது. கத்தவில்லை. தண்ணீரில் வாயை வைத்தபடியே, தண்ணீர் சலசலக்கிற அளவுக்குத்தான் சொன்னாள்.

"நழுவு."

நெடுவாலிக்குக் கேட்டது. முதுகு மயிர் குத்திட்டு நின்றது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும். வாயைத் துடைத்துக்கொண்டாள். எழுந்தாள். மரத்தைப் பார்த்து நடந்தாள்.

அந்த நடையைப் போல ஒரு நடையை அவள் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிடக் கொஞ்சம் நீளம், கொஞ்சம் வேகம், ஆனால் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கவேண்டும். கால்கள் பறக்கக் கெஞ்சின. பின்னால் ஒரு சருகு நொறுங்கியது. பிறகு இன்னொன்று, இன்னும் அருகில். குழந்தை முலையை விட்டுவிட்டு அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் எதையோ பார்த்தது. பார்த்ததும் அதன் விரல்கள் அவள் தோலுக்குள் இறங்கின. குழந்தைக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை. மரம் இன்னும் பத்தடி தள்ளி இருந்தது. எட்டடி. ஆறு.

"தாவு!" என்று அலறினாள் பூம்பொறி.

நெடுவாலி தாவினாள். அடுத்த நொடி, அவள் நின்ற இடத்தில் சிறுத்தை இருந்தது. அது எம்பி அடித்த அடியில் வால் நுனி மயிரும் ஒரு சாண் மரப்பட்டையும் பிய்ந்து வந்தன. அவள் மூன்று கொம்பு ஏறித்தான் மூச்சு விட்டாள்.

சிறுத்தை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. திரும்பிவிட்டது. மான்களுக்கு ஒரு பக்கம் பாறை, முன்னால் மடு, ஏறிப்போகும் பழைய தடத்துக்கும் அவற்றுக்கும் நடுவே சிறுத்தை. முடிக்கொம்பன் பழக்கப்படி அந்தத் தடத்தை நோக்கி முதல் அடியை எடுத்து வைத்துவிட்டான். அவன் போனால் கூட்டம் முழுதும் போகும்.

நெடுவாலி மேலிருந்து பார்த்தாள். அன்று பார்த்தது அப்படியே மறுபடி நடந்துகொண்டிருந்தது. குழந்தை வயிற்றில் நடுங்கியது. அவள் உதடுகளை இறுக மூடி, உடைத்தாள்.

"பாய்! தண்ணீர்ப் பக்கம் பாய்!"

பூம்பொறி முதலில் பாய்ந்தாள். சுருங்கிய மடுவின் குறுக்கே ஒரே வீச்சில் மறுகரையில் விழுந்தாள். பின்னாலேயே மற்றவை. அந்தச் சொல்லைப் பழகாத முடிக்கொம்பனின் காலுக்கும் அது எப்படியோ புரிந்துவிட்டது. எடுத்து வைத்த அடியை அந்தரத்தில் முறுக்கித் திருப்பிக்கொண்டு பாய்ந்தான். சிறுத்தையின் நகம் அவன் தொடையில் நான்கு கோடு கிழித்தது. ஆனால் ஆள் கிடைக்கவில்லை. பத்துப் பாய்ச்சல் துரத்திவிட்டு அது இளைத்து நின்றுவிட்டது.

தப்பித்தோம் என்று நெடுவாலி நினைத்தாள். அப்போதுதான் மறுகரைக் காட்டுக்குள் அந்த விசில் கேட்டது. சந்தடி கேட்டுச் செந்நாய்கள் எழுந்துவிட்டிருந்தன.

மான்கள் இன்னும் பாய்ந்துகொண்டுதான் இருந்தன. இப்படியே போனால் ஆற்று வளைவில் விழும். நெடுவாலி குழந்தையை அணைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவிப் பின்னாலேயே போனாள். "விரைஇஇ... விரைஇஇ..." என்று இழுத்துக் கூவினாள். ஓடும் கால்கள் அதைக் கேட்டன. பாய்ச்சல் குறைந்தது, ஓட்டம் சீரானது, சிதறிய மான்கள் தோளோடு தோள் சேர்ந்தன. பின்னால் சிவப்புக் கோடு. முன்னால் புழுதி. குரல் நின்றால் கூட்டம் மிரண்டு சிதறிவிடும் என்ற பயத்தில் நெடுவாலி எச்சில் விழுங்கக்கூட நிறுத்தவில்லை. நடுவில் ஒரு கிழட்டு மான் தடுக்கி விழுந்து, எழுந்து, பின்தங்கியது. அவள் அதைப் பார்த்தாள். விழுந்து எழுந்த மானை ஓடவைக்கிற சொல் அவளிடம் இல்லை. மற்றவர்களுக்காக "விரை" என்று கூவிக்கொண்டே அதைக் கடந்து போனாள். அந்த ஒன்றோடு செந்நாய்களில் பாதி நின்றுவிட்டன. மீதிப் பாதி பொழுது சாயும்வரை வந்தது. மான்களுக்கு மூச்சு மிச்சம் இருந்தது. கடைசியில் விசில் சத்தம் தேய்ந்து, நின்றுபோனது.

மான்கள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றன. நெடுவாலிக்குக் குரல் போய்விட்டது. ஒரு கொம்பில் கவிழ்ந்து கிடந்தாள். பூம்பொறி கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"குழந்தை?" என்று கேட்டாள்.

நெடுவாலி பேசமுடியாமல் கையை விலக்கிக் காட்டினாள். குழந்தை தூங்கிப்போயிருந்தது.

தொடையில் ரத்தம் ஒழுக முடிக்கொம்பனும் நொண்டிக்கொண்டு வந்தான். வெகுநேரம் கொம்பை மரத்தில் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த நழுவுகிற சொல்" என்றான் கடைசியில். "அதை இன்னொரு தடவை சொல். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை."

அந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஆறு நிறைந்தது. வருஷங்கள் போயின. தேனெடுக்க மலையேறிய மனிதர்கள் இந்தக் குரல்களைக் கேட்டுக் கேட்டு, தங்கள் பேச்சிலும் ஓடுவதை ஓடுவதென்றும், பாய்வதைப் பாய்வதென்றும், விரைவதை விரைவதென்றும், நழுவுவதை நழுவுவதென்றும் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். காலப்போக்கில் விலங்குகளின் பேச்சு நமக்குப் புரியாமல் போய்விட்டது. மந்தி கத்தினால் வெறும் கத்தல் என்றுதான் நம் காதுக்குக் கேட்கிறது.

மானுக்கு அப்படி இல்லை. அன்று முதல்தான் மரத்தில் மந்தி குரல் கொடுத்த உடனே மான் ஓடிவிடாமல், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, காதைத் திருப்பி, இது எந்த ஓட்டம் என்று ஒரு கணம் கேட்டுவிட்டுப் புறப்படுகிறது.